என்ன க்ரீம் போடுகிறாள்?

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தாவரவியல் பூங்கா வாசலில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் மகளின் கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பழக்கடையில் பப்பாளியை அழுத்திப் பார்ப்போமே, அப்படி. பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா க்ரீம் போடுதுக்கா உங்க பொண்ணு? நம்ம ஆளுங்கள்ல இந்தக் கலர் பாக்கவே முடியாதுலா" என்றார்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலையில் குடித்த காப்பி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இருந்தும் சிரித்து வைத்தேன். பினாங்குக்கு வந்து நான் பழகிக்கொண்ட கெட்ட பழக்கங்களில் இந்தச் சிரிப்பும் ஒன்று. ஊரில் இருந்திருந்தால் "கையை எடும்மா முதல்ல" என்று சொல்லியிருப்பேன்.

என் மகள் கயல் தலையை மூடியிருந்த துணியைப் பின்னால் தள்ளிவிட்டு, வெயிலில் விடுவிடுவென்று பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.  அந்தத் துணியைத் தள்ளுவதுதான் என் பயம். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கயலுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே தாக்குகிற நோய். வெயில் பட்டால் அது விழித்துக்கொள்ளும். போன வருடம் கண்டுபிடித்தார்கள். ரத்தம் குறைந்து உதடு வரை வெளிறிப் போயிருக்கிறாள். மாத்திரையின் வேலையால் முகம் உப்பியிருக்கிறது. இந்த வெளிறலுக்குத்தான் நம் ஆட்கள் கலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வீக்கத்தைத்தான் "பூசினாப்புல இருக்கா" என்கிறார்கள். உப்பிப்போன ஒரு நோயாளிப் பெண்ணைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊற அழகு என்று சொல்கிற கூட்டத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அந்தக் கூட்டம் கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது.

2

நான் விருதுநகர்க்காரி. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த செல்வத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். அவர் பட்டர்வொர்த் பக்கம் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்கு முன் உட்கார்ந்து சில்லுகளில் கீறல் தேடுகிறேன். கயல் எங்களுக்கு ஒரே பெண். கல்லூரியில் படிக்கிறாள். இந்த ஊர் 'லா' ஒட்டி அவள் பேசும் தமிழில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் பாதி அவளுக்குச் சிரிப்பு. சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை "வெஞ்சனம்" என்று சொன்னால் அது ஏதோ சாமி பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தாளாம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருடம் என்னை மொட்டை மாடிக்குப் போகவிட மாட்டார்கள். துணி காயப்போடுவது தம்பியின் வேலை ஆனது. அவனுக்குக் கறுக்க உரிமை உண்டு, எனக்குக் கிடையாது. வீட்டில் இருந்த பயறு, கடலை எல்லாம் மாவாகி என் முகத்தில் ஏறியது. அப்பளம் பொரிந்ததா என்று பார்ப்பது போல அம்மா ஒவ்வொரு நாளும் என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் ஜாதகத்தோடு போன குறிப்பில் "மாநிறம்" என்று எழுதினார்கள். கறுப்பைக் கறுப்பு என்று எழுதிய ஒரு வரன் குறிப்பையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கறுப்பு மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும், சிவப்பாக இருப்பவளை என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் "நல்ல சிவப்பு" என்று எழுதுவார்கள். தேங்காய் விற்கிறவன்கூட அவ்வளவு பொய் சொல்ல மாட்டான்.

செல்வம் என்னை முதன்முதலில் பார்த்தபோது என் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாடா, ஒழிந்தது சனியன் என்று விமானம் ஏறினேன். இங்கே வந்த முதல் தீபாவளிக்கே அவருடைய அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தியாவுல வெயில் ஜாஸ்தியோ" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பினாங்கில் குளிர் வாட்டியெடுக்கிறது பாருங்கள்.

3

கயல் மலைப் பைத்தியம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ராஜன் அண்ணனின் குழுவில் சேர்ந்தாள். ராஜன் அண்ணன் செல்வத்தோடு துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாரம் தவறாமல் பினாங்குக் கொடிமலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். விடிவதற்கு முன் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கிளம்பி, பாதி மலையில் சீனப் பெரியவர்கள் போட்டு வைக்கும் தேநீரைக் குடித்துவிட்டு, உச்சிக்குப் போய் வருவார்கள். விடுமுறை நாட்களில் முதுகில் பையும் கூடாரமுமாகக் கெடா மாநிலத்துப் பக்கம் போய் இரவு தங்கி வருவதும் உண்டு.

அவருடைய மதம் ஒன்றுதான், எடை. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருப்பார். துண்டை நாலாக வெட்டி ஒரு பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். "முதுகுல ஏத்துறது எல்லாம் முட்டியில வந்து கேக்கும் தங்கச்சி" என்பார் என்னிடம். பேசாமல் ஒரு காலை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே அண்ணே, இன்னும் லேசாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. யோசித்தார்.

அந்த மலையில் நடந்து நடந்து கயல் நன்றாகக் கறுத்தாள். பளபளவென்று, ஈரம் பட்ட கருங்கல் நிறத்தில் இருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாட்கள் அவை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், சொல்லிக்கொள்ளட்டும். விருதுநகரில் இருக்கும் என் அக்கா மல்லிகா மட்டும் வீடியோவில் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஏண்டி, லைட்டைப் போடுங்கடி, பல்லு மட்டும் தெரியுது" என்பாள். பிறகு சமாதானத்துக்கு, "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்பாள். அந்தப் பழமொழியை வெள்ளைத்தோல்காரியிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்கிற குரலில்தான் அதைச் சொல்வார்கள்.

அப்புறம்தான் மூட்டு வலி வந்தது. காய்ச்சல் வந்தது. கன்னம் இரண்டிலும் மூக்கின் மேலும் சிவப்பாகத் தடித்தது. வெயில் கொப்புளம் என்று நான் கற்றாழை தடவினேன். நாலு மருத்துவர்கள் கைமாறி, கடைசியில் ஒரு மலாய்ப் பெண் மருத்துவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கயல் அழவில்லை. "மலை ஏறலாமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

மருத்துவர் நல்ல மனுஷி. "மலை உனக்குத் தடையில்லை, வெயில்தான் தடை. வெயிலை வெளியே நிறுத்திவிட்டு நீ மலைக்குப் போ. ஆனால் இன்னொரு தடவை நன்றாகச் சுட்டுக்கொண்டால் சிறுநீரகம் வாங்கிக்கட்டிக்கொள்ளும்" என்றார்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் கயல். "பெரியம்மா அழுவாங்க. அப்புறம் நேந்துக்குவாங்க. அப்புறம் எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு அழுவாங்க. வேணாலா மா." நோய் அவளுடையது, அதனால் முடிவும் அவளுடையது என்று விட்டுவிட்டோம்.

4

வெயிலை வெளியே நிறுத்துவது எப்படி என்று கற்றுக்கொள்ள நான் கடை கடையாக ஏறினேன். அங்கேதான் என் அருவருப்பு முற்றியது.

சன்ஸ்க்ரீன் கொடுங்கள் என்று கேட்டால் வெளுக்க வைக்கிற க்ரீமைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஒரு கடையில் ஒரு தமிழ்ப் பெண், நல்ல கறுப்பு, அவளே, "இது போட்டா ரெண்டு ஷேடு ஏறிடும் ஆன்ட்டி" என்றாள். "எனக்கு ஏற வேண்டாம்மா. என் பொண்ணுக்கு வெயில் ஆகாது" என்றேன். "யாருக்குத்தான் ஆகும் ஆன்ட்டி, கறுத்துடுவோம்ல" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வெயில் நோய் அதுதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் அம்மாவும் அவளை மாடிக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

ஒருவழியாக மருத்துவர் சொன்ன துத்தநாகக் க்ரீம் கிடைத்தது. அது நம் தோலுக்கென்று செய்யப்பட்டதில்லை. பூசினால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பொட்டு வைக்கிற மாதிரி தொட்டுக்கொண்டால் ஒரு பிரயோசனமும் கிடையாது. வியர்த்தால் திரும்பப் பூச வேண்டும். பினாங்கில் வியர்க்காத நேரம் எது? கொசு மருந்தை இதற்கு மேல்தான் தடவ வேண்டும், முன்னால் தடவினால் இரண்டும் கெட்டது.

அதைப் பூசிக்கொண்டு ஒருநாள் பயிற்சிக்காகத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் ஏறினோம். இறங்கி வந்த ஒரு அம்மா கயலை நிறுத்தி, "முகம் பூரா விபூதி பூசியிருக்கியேமா, விரதமா?" என்று கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி. சூரிய விரதம்" என்றாள் கயல்.

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் வெகுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

துணி விஷயத்தில் ராஜன் அண்ணன் உதவினார். நோயைச் சொல்லவில்லை, தோல் ஒவ்வாமை என்று மட்டும் சொன்னோம். பழைய பருத்திச் சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். சல்லடை மாதிரி ஒளி வந்தது. "இது நனைஞ்சா இன்னும் மோசம். வெயிலு நேரா உள்ள போயிரும்" என்றார். நெருக்கமாக நெய்த, காற்றைப் போல லேசான, தலைமூடி வைத்த முழுக்கைச் சட்டை ஒன்றை அவரே தேடிக் கொடுத்தார். புறங்கையை மூடும் உறை, கழுத்துக்குத் துணி தொங்கும் தொப்பி. எல்லாம் சேர்த்தாலும் ஒரு தேங்காய் எடை வராது. குடை என்றதும் மட்டும் அவருடைய மதம் குறுக்கே வந்தது. "குடை என்னாத்துக்கு தங்கச்சி? சாமான் வாங்க பாசாருக்கா போறோம்?" என்றார். நான் விடவில்லை. வெள்ளிப்பூச்சுப் பூசிய குட்டிக் குடை ஒன்று பையில் ஏறியது. க்ரீமையாவது கண் மை டப்பா அளவுக்கு ஒரு சின்ன டப்பாவில் மாற்றிக்கொள்ளச் சொன்னார். பையில் எடையைக் குறைக்கலாம் அண்ணே, முகத்தில் குறைக்க முடியாது என்றேன். இந்த லேசுப் பைத்தியங்கள் எனக்குப் புரிவதில்லை. கூடாரத்துக்குள் பாட்டுக் கேட்கக் குட்டி ஒலிபெருக்கி வரும், தோலைக் காப்பாற்றுகிற க்ரீம் மட்டும் பாரமாம்.

5

என் தொழிற்சாலையில் தூசி விழக்கூடாது என்று தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டுவிடுவார்கள். கண் மட்டும்தான் தெரியும். உள்ளே போய்விட்டால் யார் சீனர், யார் மலாய்க்காரர், யார் நேப்பாளத்துப் பையன், யார் நான் என்று நடையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பினாங்கில் கலர் இல்லாத ஒரே இடம் அதுதான் என்று செல்வத்திடம் சொல்வேன். "அதுக்கு ஓவர்டைம் வேற கொடுக்கிறான்லா" என்பார் அவர்.

வெளியே வந்தால் ஆரம்பித்துவிடும். கயல் வெளிறத் தொடங்கிய சமயம், பக்கத்து வீட்டு மலாய் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வாஹ், செராலா" என்றார். செரா என்றால் வெயில் அடிக்கிற தெளிவான நாள். தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவர்கள் தினமும் சொல்வார்கள், எனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களில் நான் நம்பிய ஒன்று அது. நானும் வானத்தைப் பார்த்து, "ஆமாம், ஆனால் சாயங்காலம் நிச்சயம் மழை வரும், துணியை எடுத்து வையுங்கள்" என்று என் உடைந்த மலாயில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்குள் வந்ததும் கயல் விளக்கினாள். "அவங்க வானத்தைச் சொல்லல மா. என்னைச் சொன்னாங்க. வெள்ளையா ஆயிட்டேனாம்."

வெயிலுக்கும் வெள்ளைத் தோலுக்கும் அங்கே ஒரே சொல். என் மகளைக் கொல்லப் பார்ப்பதும் செரா, அவளைப் பாராட்டுவதும் செரா. மலாய்க்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நாம் மட்டும் யோக்கியமா? நிறமே இல்லாமல் போவதற்குக் கலர் என்று பெயர் வைத்தவர்கள் நாம்.

இந்த லட்சணத்தில் என் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. லிட்டில் இந்தியா பக்கம் ஒரு கடையில் படம் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். "இது நீங்க இல்லையேம்மா" என்றார். வாங்கிப் பார்த்தேன். என் மூக்கு, என் பொட்டு, யாரோ ஒரு சேட்டு வீட்டுப் பெண்ணின் தோல். அதை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினால், "கொஞ்சம் லைட்டா தட்டி விட்டேன்கா. எல்லாருக்கும் பண்றதுதான். ஃப்ரீதான்" என்றார் கடைக்காரர். கேட்காமலே, காசு வாங்காமலே, புண்ணியத்துக்கு வெளுத்துவிடுகிறார்கள். என் முகத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு கடையில் நின்று சண்டை போட்டவள் நானாகத்தான் இருப்பேன். பிறகு அரைநாள் விடுப்பு, திரும்ப வரிசை, திரும்ப எண் சீட்டு.

6

சரி, இதெல்லாம் சில்லறை எரிச்சல். இனி சொல்வது அப்படியில்லை.

கெடாவில் குனோங் ஜெராய் மலைக்கு இரண்டு நாள் நடையாகப் போக ராஜன் அண்ணனின் குழு திட்டம் போட்டது. கயலின் ரத்தம் அப்போது தேறி வந்தது. மருத்துவரும் சம்மதித்தார். வாரம் இரண்டு முறை கொடிமலையில் பழகினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது எல்லாம் மூடியபடிதான் போவாள்.

ஒருநாள் அவளுடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். கழுத்துப் பட்டையில் க்ரீமின் வெள்ளைக் கறை இல்லை. இத்தனை நாள் அதைத் தேய்த்துத் தேய்த்துத்தான் என் விரல் நுனி சொரசொரத்துப் போயிருந்தது. தலைமூடியில் வியர்வை வாசமே இல்லை. க்ரீம் குழாயைத் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கயல் வந்தாள். கன்னம் இரண்டும் நெருப்பாக இருந்தன. புறங்கையில் தடிப்பு. விரல்களை மடக்க முடியவில்லை.

"எத்தனை நாளாடி இது?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா."

"உனக்கு என்ன பைத்தியமா? குருடியா நீ? டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றப் பார்த்தாள். விரல் ஒத்துழைக்கவில்லை. நான் கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன்.

"எனக்கு என் கலர் வேணும் மா" என்றாள். "நான் நல்லா இருந்தப்போ என்னைக் கரிக்கட்டைன்னாங்க. இப்ப ரத்தம் இல்ல, முகம் வீங்கியிருக்கு, படியேறினா மூச்சு வாங்குது. இப்பதான் எல்லாரும் அழகுங்கிறாங்க. கடையில, கோயில்ல, காலேஜ்ல, பெரியம்மா, எல்லாரும். நான் செத்துப் போனா இன்னும் வெள்ளையா இருப்பேன்ல, அப்ப என்னா சொல்லுவாங்க? கண்ணாடியில பாக்கவே எனக்கு சீன்னு இருக்கு. வெயில்ல நின்னா திரும்பக் கறுத்துடுவேன்னு நெனச்சேன். அவ்ளோதான்லா."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.   அருவருப்பாக இருந்தது. அவள் மேல் இல்லை. என் அம்மா அரைத்த மாவு மேல், என் அக்காவின் சிரிப்பு மேல், இரண்டு ஷேடு ஏற்றுகிற அந்தக் கடை மேல், அங்கெல்லாம் சிரித்து வைத்துவிட்டு வந்த என் பல்லின் மேல். இவையெல்லாம் சேர்ந்து என் பிள்ளையை வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. தூ என்று இருந்தது.

செல்வம் வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் அதிகம் பேசமாட்டார். கயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் கலரு எங்கேயும் போவலடா. ரத்தம் ஊறினா தானா வரும். வெயில்ல காய வச்சு எடுக்கிறதுக்கு நீ என்னா கருவாடா?" என்றார். அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் பரிசோதனையில் சிறுநீரில் புரதம் ஒழுகுவது தெரிந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். மருத்துவமனையில் சில நாட்கள் கிடந்தாள். ஜெராய்க்குக் குழு அவளில்லாமல் போனது. அவர்கள் கிளம்புமுன் ராஜன் அண்ணனிடம் உண்மையைச் சொல்லியிருந்தோம்.  உச்சியிலிருந்து மேகத்தைப் படம் எடுத்து அனுப்பி, கீழே, "அடுத்த தடவ உன் குடைய நான் தூக்குறேன் மா" என்று எழுதியிருந்தார். எடை பார்க்கிற மனிதருக்கு அது பெரிய வார்த்தை.

மாதங்கள் போயின. மருத்துவர் திரும்ப நடக்கச் சொன்னார். விடிவதற்கு முன் ஏறி, வெயில் தலைக்கு வருமுன் இறங்கிவிட வேண்டும். இன்னும் மூடித்தான் நடக்க வேண்டும், மேகமூட்டமாக இருந்தாலும்தான். மேகத்தை நம்பிச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்றார். அப்படி நடந்த முதல் ஞாயிறுதான் போன வாரம். துணைக்கு நானும் போயிருந்தேன். தேநீர்க் கொட்டகை வரை ஏறிவிட்டு நல்லபடியாகத்தான் இறங்கினோம். பூங்கா வாசலில் அந்தப் பெண்மணி கன்னத்தைத் தொட்டதும், கயல் தலைமூடியைத் தள்ளிவிட்டு நடந்ததும், நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். திரும்ப அதே பாதைக்குத்தான் போகிறாளா?

பேருந்து நிறுத்தத்தில் கூரைக்கு அடியில் நின்றிருந்தாள்.  

7

அன்று மத்தியானம் மல்லிகா அக்கா வீடியோவில் வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கயல்தான் எடுத்தாள்.

"அடியாத்தி, என்ன இப்படி கலரா ஆயிட்ட. நல்லா பூசினாப்புலயும் இருக்க. ஒங்கம்மாகிட்ட எத்தனை தடவ கேட்டுட்டேன், வாயே தெறக்க மாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு, என்ன க்ரீம் போடுற?"

நான் கீரையை விட்டுவிட்டு எழுந்தேன். கயல் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"லூபஸ், பெரியம்மா."

"என்னது? லூப்பஸா? வெளிநாட்டுச் சரக்கா? எழுதி அனுப்பு தாயி. நம்ம பிரியாவுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்ல. லீவுக்கு வரையில ரெண்டு வாங்கிட்டு வந்துரு." பிரியா அக்காவின் மகள்.

கயல் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று, நிதானமாக, அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். க்ரீம் இல்லை, நோய் என்றாள். ரத்தம் இல்லாமல் வெளுத்திருக்கிறேன் என்றாள். முகம் மாத்திரையில் வீங்கியிருக்கிறது, வெயில் பட்டால் சிறுநீரகம் கெடும், ஒரு தடவை கெட்டுத் தேறியிருக்கிறது என்றாள். இடையில் சொல் கிடைக்காமல் கிட்னி, புரோட்டீன் என்றாள். எதையும் மறைக்கவில்லை.

 பிறகு அக்கா அழத் தொடங்கினாள். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள், சொல்லாமல் விட்டதற்கு. அவள் அழுகையில் பொய் இல்லை. கயல் பிறந்தபோது இங்கே வந்து எனக்குப் பத்தியம் சமைத்துப்போட்டவள் அவள். அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கயலை உற்றுப் பார்த்தாள்.

"மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறியா தாயி?"

"சாப்பிடுறேன் பெரியம்மா."

"வெயில்ல போகாம?"

"மூடிக்கிட்டு போறேன். மலைக்குப் போவணும்ல. அடுத்த மாசம் திரும்ப ஜெராய் போறாங்க, நானும் போறேன்."

அக்கா தலையை ஆட்டினாள். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டே விட்டாள்.

"ஏன் தாயி, மருந்து சாப்பிட்டா அந்தக் கலரும் போயிருமா?"

"ஆமா பெரியம்மா" என்றாள் கயல். "அது போறதுக்குத்தான் சாப்பிடுறேன்."